எட்டாம் லைனின் நீலக்களி

லோர்ணா கில்கிறிஸ்ட் தன் ஆயுளில் வாங்கிய பரிசு ஒன்றே ஒன்றுதான். பதினோரு வயதில், டன்வெய்ல் பள்ளிக்கூடத்தில், அழகான கையெழுத்துக்காக ஒரு மைப்பேனா கொடுத்தார்கள். ஹியூரான் ஏரிக்கரையிலிருந்து பதினைந்து மைல் உள்ளே தள்ளி இருக்கிற ஊரில் அழகான கையெழுத்துக்கு என்ன மரியாதை கிடைக்கும்? தேவாலய விருந்துக்கு யார் யார் என்ன சமைத்து எடுத்துவர வேண்டும் என்று பட்டியல் எழுதச் சொல்வார்கள், அவ்வளவுதான். இருபத்தோரு வயதில் அவள் மர்டோ கில்கிறிஸ்டைக் கட்டிக்கொண்டாள்.

மர்டோ போர் போடுகிறவன், அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறவன். அந்தப் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் கிடையாது. வீட்டுக்கு ஒரு போர். அது நின்றுபோனால் மர்டோவைக் கூப்பிடுவார்கள். கைகாரன்தான். இரும்புக் கம்பி தரையை இடிக்கிற சத்தத்தை வைத்தே கீழே களியா, சரளையா, கல்லா என்று சொல்லிவிடுவான். பேனாவைப் பிடிப்பதென்றால்தான் அவனுக்குப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி.

பிடித்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு தாள் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும்: எத்தனையாவது அடியிலிருந்து எத்தனையாவது அடிவரை என்ன மண், என்ன நிறம், தண்ணீர் எங்கே கண்டது. போர் முடிந்த ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டுமாம். அந்த வட்டாரத்தில் ஒரு மாதத்துக்குள் அனுப்பியவன் ஒருவனும் இல்லை. மார்ச் மாதம் பனி இளகிச் சாலைகள் சேறாகும். கனவண்டிகள் பாதிச் சுமைக்கு மேல் ஏற்றிக்கொண்டு போகக்கூடாது என்று தடை போடுவார்கள். போர் லாரியில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டா போக முடியும்? அதனால் ‘பாதிச்சுமை’ வந்தால் போர்க்காரர்கள் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடப்பார்கள். அவர்களுடைய பெண்டாட்டிகள் வருஷத்துத் தாள்களையெல்லாம் அப்போது உட்கார்ந்து எழுதுவார்கள்.

லோர்ணா சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு, தாளும் கார்பனும் அடுக்கிக்கொண்டு உட்காருவாள். மர்டோ அடுப்புப் பக்கமாகக் காலை நீட்டிக்கொண்டு நாற்காலியில் கிடப்பான்.

"மேல்மண் எவ்வளவு?"

"ஒரு அடி."

"அப்புறம்?"

"சரளை. பதினெட்டு வரைக்கும்."

"அப்புறம்?"

"நீலக்களி."

"எது வரைக்கும்?"

"தண்ணி வர வரைக்கும்தான்."

"தண்ணி எங்க வந்துச்சு மர்டோ?"

"அம்பத்தஞ்சு. போட்டுட்டு என்னை விடேன்."

நீலக்களி என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஈரத்தில் நீலச்சாம்பலாக, கையில் வெண்ணெய் மாதிரி வழுக்குகிற களிமண். ஒரு காலத்தில் அந்த நாடு முழுக்க மூடிக்கிடந்த பனிப்பாறை உருகித் தேங்கிய ஏரியின் அடிவண்டல் அது. மேலே கொட்டுகிற எதையும் கீழே இறங்க விடாது. கீழிருக்கிற தண்ணீரைப் பெட்டிக்குள் வைத்த மாதிரி காக்கும். மர்டோ போட்ட போர்களில் பத்தில் எட்டில் அது நிஜமாகவே இருந்தது. மீதி இரண்டில் என்ன இருந்தது என்று அவன் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் எத்தனை அடியில், எத்தனை கேசிங் பைப் இறங்கியது, வீட்டுக்காரன் டீ கொடுத்தானா இல்லையா, இவை மட்டும்தான் அவன் தலையில் நிற்கும். மற்றதற்கெல்லாம் "நீலக்களின்னு போடு."

லோர்ணாவுக்கு ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதப் பிடிக்காது. எல்லாத் தாளிலும் பதினெட்டு, ஐம்பத்தைந்து என்று இருந்தால் அலுவலகத்தில் எவனாவது பார்த்துவிட்டு, ஒரே தாளைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார்கள் என்று நினைக்க மாட்டானா? ஒன்றில் பதினேழு என்று போடுவாள். அடுத்ததில் இருபது. களியின் அடிமட்டத்தை ஓரடி ஏற்றி, ஓரடி இறக்கி, சமயத்தில் நடுவே ‘மெல்லிய மணல் படிவு’ என்று ஒரு வரி சேர்ப்பாள். கோலம் போடுகிறவள் புள்ளியை நகர்த்துகிற மாதிரிதான். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் பின்னால் அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு மார்ச்சில், முந்தைய வருஷம் எட்டாம் லைனில் போட்ட பதினோரு கிணறுகளின் தாள்கள் மிச்சம் இருந்தன. எட்டாம் லைன் என்பது ஊருக்கு வடக்கே போகிற சாலை. கல்லறை மூலையிலிருந்து ஓடைவரை புதிதாகப் பதினோரு வீடுகள் வந்திருந்தன. மர்டோ தூங்கிக்கொண்டிருந்தான். "எட்டாம் லைன் பதினொண்ணும் அதேதானே?" என்று கேட்டாள். அவன் "ம்ம்" என்றான். தூக்கத்தில் சொன்ன "ம்ம்" அது, அவளுக்கும் தெரியும். ஒரே மூச்சில் பதினொன்றையும் எழுதி, அவன் எழுந்ததும் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு ஒட்டி வாசல் மேசையில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே மர்டோ சொன்னான்: "எட்டாம் லைன்ல பட்ட பாடு இருக்கே! மேலேருந்து கீழ வரைக்கும் வெறும் மணலு. ஒரு கரண்டிக் களி கிடையாது. பைப்பை இறக்க இறக்க மணல் உள்ள பொங்கிட்டு வருது."

லோர்ணாவின் கை நின்றது. "என்னது? நான் எல்லாத்துலயும் நீலக்களி போட்டுட்டேனே!"

"போட்டா போட்டுட்டுப் போ."

"பதினொரு தாள் மர்டோ. நீதானே ‘ம்ம்’னே."

"அடி போடி, அதை எவன் படிக்கப் போறான்?" என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள்.

உறை வாசல் மேசையிலேயே இருந்தது. தபால்காரன் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பிரித்திருக்கலாம். பதினோரு தாள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கார்பன் படி, மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு தேவாலயத்து விருந்து. நாற்பது பேருக்கு பட்டர் டார்ட் என்கிற இனிப்புப் பலகாரம் சுட்டாக வேண்டும், மாவு பிசைந்து வைத்திருந்தாள். அவள் டார்ட் சுட்டாள். டார்ட் நன்றாக வந்தது, எல்லோரும் புகழ்ந்தார்கள்.

அதற்குப் பிறகு முப்பத்துநாலு வருஷம் போனது. மர்டோ மாரடைப்பில் செத்தான். அவன் ஐஸில் கல் தள்ளி கர்லிங் விளையாடுகிற படத்தை ஊர் கர்லிங் ஹாலில் மாட்டினார்கள். மகன் அலெக் தொழிலை எடுத்துக்கொண்டான். லாரியின் பக்கத்தில் ‘கில்கிறிஸ்ட் அண்ட் சன்’ என்ற பெயரை மாற்றவில்லை. லோர்ணாவுக்கு எழுபத்தொன்று ஆனது. தாள்களை இப்போது அலெக் கம்ப்யூட்டரில் அனுப்பிவிடுகிறான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு அக்டோபரில் மார்ட்டின் ஃபென்விக் என்று ஒருவர் வந்து கதவைத் தட்டினார். முப்பத்தைந்து வயதிருக்கும், பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வந்தார், அதிலேயே அவளுக்குப் பிடித்துப்போனது. பன்னிரண்டு ஊர்களின் நிலத்தடித் தண்ணீரை ஆராய்கிறாராம். பனிப்பாறை விட்டுப்போன களி, மணல், சரளை ஒவ்வொன்றும் எங்கே எவ்வளவு தடிமனாகக் கிடக்கிறது என்று பூமிக்குள்ளே பார்க்கிற மாதிரி கம்ப்யூட்டரில் கட்டி எழுப்புகிறாராம்.

"பூமியைத் தோண்டியா பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

"அவ்வளவு தோண்ட எங்ககிட்ட எங்க வசதி? ஏற்கெனவே தோண்டினவங்க எழுதி வச்சதைத்தான் படிக்கிறோம். பழைய கிணத்துத் தாள்கள். அதுக்குத்தான் உங்களைப் பாக்க வந்தேன் மிஸஸ் கில்கிறிஸ்ட். கார்பன் படி ஏதாவது வீட்டுல இருக்குமா?"

இருந்தது. துணி அலமாரிக்குக் கீழே நான்கு பிஸ்கட் டப்பாக்கள் நிறைய. ஃபென்விக் அவற்றைப் பார்த்து, குழந்தை பிறந்த வீட்டுக்குள் நுழைந்தவர் மாதிரி நின்றார். "எத்தனை ஊர் போயிருக்கேன், எத்தனை தாள் பாத்திருக்கேன். ஒண்ணும் படிக்கவே முடியாது. கோழி கிளறின மாதிரி இருக்கும். உங்க கையெழுத்து மட்டும்தான்... இதை எழுதினது நீங்கதானே?"

"நான்தான்."

"நாங்க ஒவ்வொரு தாளுக்கும் நம்பகத்தன்மைன்னு ஒரு மதிப்பு குடுப்போம். ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும். உங்களோடது எல்லாத்துக்கும் ஒண்ணு. முதல் தரம்."

அறுபது வருஷத்துக்குப் பிறகு கிடைத்த இரண்டாவது பரிசு. அவள் காது மடல் சூடேறியது. டீ போட்டாள், டார்ட் வைத்தாள். அவர் மடிக்கணினியைத் திறந்து மேசைமேல் வைத்தார். பச்சை, மஞ்சள், நீலம் என்று அடுக்கடுக்காக ஊர் அதில் கிடந்தது. கட்டில் விரிப்பை உரிக்கிற மாதிரி ஒவ்வோர் அடுக்காக எடுத்துக் காட்டினார். மேல்மண் போனது. சரளை போனது. கீழே ஊர் முழுக்க ஒரு நீலப் போர்வை.

"இதுதான் உங்க நீலக்களி. எங்கயும் ஒரு ஓட்டை கிடையாது பாருங்க. இந்த எட்டாம் லைன் பக்கம் எவ்வளவு அழகா ஏறி இறங்குது! பழைய ஏரியோட தரை இப்படித்தான் இருந்திருக்கும். அலை அலையா."

ஏரித் தரையும் இல்லை, அலையும் இல்லை. அது அவள் பதினேழு, இருபது என்று மாற்றி மாற்றிப் போட்ட எண்கள்.

"எட்டாம் லைன்ல ஆர்வில் பெட்டிகுரூவும் மூணு நாலு போர் போட்டிருப்பாரே. அதெல்லாம் பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆர்வில் பெட்டிகுரூ மர்டோவுக்குப் போட்டியாகப் போர் போட்டவர். குடிகாரர் என்று பெயர். அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியதில் மர்டோவுக்கும் பங்கு உண்டு.

ஃபென்விக் சிரித்தார். "பாத்தேன். ஒண்ணுல ‘மணல், மணல், பாழாப்போன மணல்’னு எழுதியிருக்கார். எண்ணே சரியா இல்ல, மேல காப்பிக் கறை. அஞ்சாம் தரம். அஞ்சாம் தரத்தை நாங்க கணக்குல சேக்கறதில்ல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் எதிரே ஒரு படித்த மனிதர் அவள் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கர்லிங் ஹாலில் மர்டோவின் படம் தொங்கியது. அலெக்கின் லாரியில் அதே பெயர் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கு என்ன நஷ்டம், ஏதோ ஆராய்ச்சி, நூலகத்தில் போய்த் தூங்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். "இன்னொரு டார்ட் எடுத்துக்கோங்க" என்றாள்.

அந்த ஆராய்ச்சி தூங்கவில்லை. அடுத்த வருஷம் வசந்தத்தில் ஒரு கம்பெனி வந்தது. எட்டாம் லைனில் சரளை அள்ளி முடித்து விட்டுப்போன பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. நகரத்துக் கக்கூஸ் கழிவைக் கொண்டுவந்து அதில் தேக்கி, ஆறவைத்து, உரமாக்கப் போவதாகச் சொன்னார்கள். ஊருக்குக் கைம்மாறாக, கர்லிங் ஹாலுக்குப் புது ஐஸ் எந்திரம். பழைய எந்திரம் மூன்று வருஷமாக ஜனவரியிலேயே ஐஸை உருக்கிக்கொண்டிருந்தது. இந்த ஊர் ஆட்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடுவார்கள். கர்லிங் ஐஸைப் பற்றிப் பேசினால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். போதாததற்குக் கம்பெனி, ஃபென்விக் கட்டி எழுப்பிய அந்த நீலப் போர்வையையும் கொண்டுவந்து காட்டியது. பள்ளத்துக்குக் கீழே நாற்பதடி நீலக்களி, ஓட்டையே கிடையாது, ஒரு சொட்டும் கீழே இறங்காது என்று ஆராய்ச்சியே சொல்கிறதாம்.

லோர்ணா முதலில் மகனிடம் சொன்னாள். அலெக் லாரிக்கு அடியில் படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு வெளியே வந்தான்.

"அம்மா, இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. லைசன்ஸ் என் பேர்ல இருக்கு. ‘கில்கிறிஸ்ட் தாளெல்லாம் பொய்’னு ஒருத்தன் ஆரம்பிச்சா, நான் போட்ட கிணத்தையும் சேத்துத்தான் பேசுவான். அப்பா செத்துப் போயிட்டாரு, அவருக்கென்ன. நான்ல இங்க இருக்கேன்?"

"பதினோரு வீடு இருக்கு அலெக். சின்னப் பிள்ளைங்க இருக்கு."

"அந்தப் பதினோரு வீட்டுல ஒருத்தராவது வந்து உன்னைக் கேட்டாங்களா?"

கேட்கவில்லைதான். அவளே போனாள். எட்டாம் லைன் வீடுகளில் மூத்தது நெல்சன் ரீட் வீடு. அறுபது கறவை மாடு வைத்திருந்தான், கர்லிங் ஹால் கமிட்டித் தலைவனும் அவன்தான். களத்தில் நிறுத்தி வைத்தே பதில் சொன்னான்.

"லோர்ணா, நீ என்ன சொல்ற? மர்டோ பொய்த் தாள் எழுதினான்னா?"

"நான் எழுதினேன். உன் கிணத்துக்குக் கீழ களியே இல்ல நெல்சன். வெறும் மணல்."

"முப்பது வருஷமா அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறேன். செத்தா போயிட்டேன்?"

"இதுவரைக்கும் மேல ஒண்ணும் இல்லையே! இப்பக் கொண்டுவந்து கொட்டப் போறாங்களே."

நெல்சன் அவள் தோளில் கை வைத்தான். பரிதாபமாக வைத்தான், அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "உங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, இல்ல? அடுப்புல சட்டியை வச்சுட்டு, வைக்கலன்னு சாதிப்பாங்களே. டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிட்டு வா லோர்ணா."

ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. மளிகைக் கடையில் அவள் மீதிச் சில்லறையைச் சரிபார்த்தால்கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியாக அவள் ஆர்வில் பெட்டிகுரூவைத் தேடிக்கொண்டு முதியோர் விடுதிக்குப் போனாள். எண்பத்தெட்டு வயது. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புத்தி மட்டும் துருப்பிடிக்கவில்லை. அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"அப்ப நான் எழுதினது சரி."

"சரிதான் ஆர்வில். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"உன் புருஷன் நடு ஹால்ல நின்னு என்ன சொன்னான் தெரியுமா? ‘பெட்டிகுரூவுக்கு மண்ணும் தெரியாது, தண்ணியும் தெரியாது, விஸ்கிதான் தெரியும்’னான். எல்லாரும் கையைத் தட்டுனானுங்க. நீயும்தான் தட்டின, நான் பாத்தேன்."

தட்டினாளா என்று அவளுக்கு நினைவில்லை. தட்டியிருப்பாள்.

"தப்புதான். அதுக்காகத்தான் வந்து நிக்கிறேன்."

"உனக்கு வேணும்னு வந்து நிக்கிற. நான் ஒருதரம் எழுதிட்டேன் லோர்ணா. மணல்னு எழுதினேன். போய் அதைப் படிக்கச் சொல்லு." அதோடு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

கம்பெனிக்கு அனுமதி கொடுக்கலாமா என்ற விசாரணை செப்டம்பரில், ஊர்ச் சபைக் கூடத்தில் நடந்தது. முடிவு சொல்ல வேண்டிய மூன்று பேர் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெரிய காப்பிப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. லோர்ணா தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு போய், எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தூக்கத்தில் "ம்ம்" சொன்னதைச் சொன்னபோது கூட்டம் சிரித்தது. வாசல் மேசையில் உறை கிடந்ததைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை, கேட்கவும் இல்லை. கம்பெனி தரப்பு வக்கீலம்மா ரொம்ப மரியாதையானவள்.

"மிஸஸ் கில்கிறிஸ்ட், இந்தத் தாள்கள்ல கையெழுத்து யாரோடது?"

"மர்டோவோடது. எழுதினது நான்."

"போர் போடும்போது நீங்க அங்க இருந்தீங்களா?"

"சாப்பாடு கொண்டுபோய்க் குடுப்பேன்."

"மண்ணைப் பாத்தீங்களா?"

"பாக்கல. அவன் சொன்னான், மணல்னு."

"எப்ப சொன்னார்?"

"எழுபத்தெட்டு மார்ச்சுல. சாப்பிடறப்ப."

"அதாவது, எழுத்துல இருக்கறது நீலக்களி. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சாப்பாட்டு மேசையில காதுல விழுந்தது மணல். அதானே?"

"எழுத்துல இருக்கறது பொய்யம்மா."

"உங்க புருஷன் அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் குடுத்தார்னு சொல்றீங்களா?"

அலெக் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். லோர்ணா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "அவன் இல்ல. நான்."

"நீங்க மண்ணையே பாக்கலையே. பாக்காத மண்ணைப் பத்தி உங்களால எப்படிப் பொய் சொல்ல முடியும்?" என்று கேட்டுவிட்டு வக்கீலம்மா உட்கார்ந்துவிட்டாள். லோர்ணாவும் உட்கார்ந்தாள்.

அடுத்து ஃபென்விக்கைக் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர், உள்ளதைத்தான் சொன்னார். பனி உருகி ஓடிய ஆறு ஏதாவது அந்த இடத்தில் களியை அறுத்துக்கொண்டு போய், பிறகு மணல் அடைத்திருக்கலாம், நடக்கக்கூடியதுதான் என்றார். அந்தப் பதினோரு தாளை நீக்கிவிட்டால் படம் மாறுமா என்று மேடையிலிருந்து கேட்டார்கள்.

"நீக்கிப் பாத்தேன். மாறல. ரெண்டு பக்கத்துக் கிணறுகள்லயும் களி இருக்கு. நடுவுல தகவல் இல்லேன்னா, கம்ப்யூட்டர் ரெண்டையும் சேத்துக் களின்னே நிரப்பிக்கும்."

"பெட்டிகுரூவோட தாளைச் சேத்துப் பாருங்களேன்!" என்று லோர்ணா உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"பெட்டிகுரூவா!" என்றான் நெல்சன். "அவர் எந்தப் புட்டிக்குள்ள மணலைப் பாத்தாரோ!"

கூடமே அதிரச் சிரித்தது. மர்டோ செத்து ஒன்பது வருஷம் ஆகியும் அவன் சொன்ன கேலி இன்னும் உயிரோடு இருந்தது. சரிபார்க்க ஒரே ஒரு துளை போட்டுப் பார்க்கும்படி மேடையில் சொன்னார்கள். கம்பெனி அதைப் பள்ளத்தின் மேற்கு ஓரத்தில் போடச் சொன்னது. அங்கே களி நிஜமாகவே இருந்தது. அந்தத் துளையைப் போட்டவன் அலெக். காட்டிய இடத்தில் போட்டான், வந்ததை எழுதினான், அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அவன் அம்மா வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கு மருமகள் மட்டும் வந்து ஒரு கேக்கை வாசலில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அனுமதி கிடைத்து, கழிவு லாரிகள் வர ஆரம்பித்தன. கர்லிங் ஹாலில் ஐஸ் ஏப்ரல் வரைக்கும் கல்லாக நின்றது.

மூன்றாவது வசந்தத்தில் எட்டாம் லைனில் நான்காவது வீட்டுப் பெண் தண்ணீரில் வாடை வருகிறது என்றாள். பிறகு ஐந்தாவது வீடு. அந்தத் தண்ணீரைக் குடித்து நீலம் பாரித்துப்போன ஒரு கைக்குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிழைத்துவிட்டது. சோதித்துப் பார்த்ததில் பதினோரு கிணறும் கெட்டிருந்தன. இன்னொரு துளை போட்டார்கள், இந்தத் தரம் சாலை நடுவிலேயே. மேலிருந்து கீழ்வரை மணல். ஃபென்விக் வந்து பார்த்துவிட்டு, அந்த மணலை ஒரு பையில் அள்ளிக்கொண்டு போனாராம். லோர்ணா வீட்டுக்கு அவர் வரவில்லை. புதுப் படத்தில் எட்டாம் லைனுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு பிளவு இருக்கிறது என்றும், பெட்டிகுரூவின் தாளுக்கு இரண்டாம் தரம் கொடுத்திருக்கிறார்கள் என்றும் கேள்வி. ஆர்வில் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது ஊருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நம்பினார்கள். ஆமாம், அவள்தானே எழுதினாள், பார்க்காத மண்ணைப் பார்த்த மாதிரி எழுதினாளே, அவளே ஒத்துக்கொண்டாளே! அவள் எந்த நாளில், எதற்காக, எந்தக் கூடத்தில் நின்று ஒத்துக்கொண்டாள் என்பதும், அதைக் கேட்டு யார் யார் சிரித்தார்கள் என்பதும் மட்டும் ஒருவருக்கும் நினைவில்லை. டாக்டரிடம் போ என்றவர்கள் இப்போது, அவளுக்கு அப்போதே நன்றாகத் தெரியும், கல்நெஞ்சுக்காரி என்றார்கள். மர்டோவின் படத்தை ஹாலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அலெக் லாரியில் பெயரை அழித்து, பெண்டாட்டி ஊருக்கே குடிபோய்விட்டான். ஐஸ் எந்திரத்தை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

லோர்ணாவின் கிணறு சுத்தமாக இருந்தது. அவள் வீடு மேற்கே, நிலத்தடித் தண்ணீர் பள்ளத்தை நோக்கி வருகிற திசையில் இருந்தது. அங்கே நாற்பதடிக் களி சத்தியமாக உண்டு. எட்டாம் லைன்காரர்கள் பதினெட்டு மைல் போய்க் கேன் கேனாகத் தண்ணீர் பிடித்து வந்தார்கள். அவள் வெளிச்சுவரில் இருந்த குழாயில் நீளமாக ஒரு ஹோஸ் மாட்டி, சாலை ஓரம் வரை இழுத்து வைத்தாள். அட்டையில் ‘நல்ல தண்ணீர், யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம்’ என்று எழுதி வேலியில் கட்டினாள். ஜூன் போனது, ஜூலை போனது. கார்கள் வேலியைத் தாண்டும்போது வேகத்தைக் கூட்டின. ஒருநாள் அட்டையில் யாரோ சேற்றைப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் துடைத்துவிட்டு மறுபடி கட்டினாள்.

ஆகஸ்டில் ஒரு வெயில் நாளில் நெல்சன் ரீட்டின் லாரி வந்து நின்றது. பின்னால் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. லோர்ணா ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்தாள். எழுபத்தைந்து வயதில் அப்படி ஓடினதே பெரிது.

நெல்சன் வண்டியைவிட்டு இறங்கவில்லை. "மாட்டுக்குத்தான்" என்றான். "நாங்க குடிக்க இல்ல."

"எதுக்கா இருந்தா என்ன, பிடிச்சுக்கோ நெல்சன்."

"சோதிச்ச பேப்பர் இருக்கா?"

இருந்தது. போன மாதம்தான் அனுப்பிச் சோதித்திருந்தாள். உள்ளே ஓடிப்போய் எடுத்துவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். நெல்சன் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"அச்சடிச்சதுதானே? நீ எழுதினது இல்லையே?"

"இல்ல" என்றாள் லோர்ணா. "அச்சடிச்சதுதான்."

"சரி, விடு."

ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைய முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை நெல்சன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். ஹோஸை அவள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.